கூடுதலாக ஓர் எர்த் பட்டை

மார்ச் 2, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவருடைய ஆக்சிஜன் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் அலசினேன். துண்டில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, மாற்று வடிகட்டியைப் போட்டு இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டேன். அதுவரைக்கும் சின்ன சிலிண்டர்.

"ஏளா உலகு, எனக்கும் மாதாந்திரப் பராமரிப்பா? பேப்பர்ல போட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர் சிவதாணு, மூக்கில் குழாயோடு.

விசில் ஊதி மைதானம் முழுக்கப் பிள்ளைகளை ஓடவிட்ட உடற்கல்வி ஆசிரியர். நுரையீரலைக் கெடுத்த அந்தக் காய்ச்சல் வருடத்துக்குப் பிறகு கட்டிலில் இருந்து வாசலுக்குப் போவதே அவருக்கு ஓட்டப் பந்தயம். கேலியில் மட்டும் மூச்சு வாங்குவதில்லை.

அலுவலகத்தில் பிளஸ் டூ தேர்வு முடியும்வரை எந்தத் துணைமின் நிலையத்திலும் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்ற சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் வருவதுதான். படித்து, கையெழுத்துப் போட்டு, பலகையில் குத்தச் சொன்னேன்.

மாலையில் மாவு அரைத்தேன். வெயில் இப்போதே கடுமை.

மார்ச் 4, புதன்

முற்பகலில் பெனிட்டாவின் போன். கல்லூரியில் என் அறைத் தோழி. இப்போது காந்தப்புல ஆய்வு நிலையத்தில் இருக்கிறாள். நலம் விசாரிக்கவில்லை.

"உலகு, உன் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல போய் நில்லு. சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லு."

மின்மாற்றிகள் நிற்கும் யார்டுக்குள் போனேன். எங்கள் வடகரைக்குளம் நிலையத்தில் பெரிய மின்மாற்றிகள் இரண்டு. முதலாவது புதிது. இரண்டாவது எனக்கு முன்பே இங்கே வந்தது. இத்தனை வருடமாகக் கேட்கும் ஓசைதான், நான் அதைக் கேட்பதுகூட இல்லை. இன்று கேட்டது. இரண்டாவது மின்மாற்றி அடித்தொண்டையில் உறுமியது. சரளைக்கல்லில் ஊன்றிய என் செருப்பு வழியாக அதிர்வு காலுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

"சூரியனில இருந்து சின்னதா ஒரு வீச்சு. ரொம்பச் சின்னது," என்றாள் பெனிட்டா. "இதுக்கே உறுமுதுன்னா உன் பெட்டி வேலை செய்யலையா?"

பெட்டி என்று அவள் சொன்னது, இரண்டாவது மின்மாற்றியின் காலடியில் பச்சை நிறத்தில் நிற்கும் அலமாரியை. போன வருடம் மின்காந்தத் துடிப்பிலிருந்து மின்கட்டமைப்பைக் காக்கும் திட்டம் என்று மேலிடத்திலிருந்து வந்து, சோதனைக்காக எங்களுக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். பயிற்சி வகுப்பில் குண்டு வெடிக்கிற படம் போட்டுக் காட்டினார்கள். எதிரி உயரே வானத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தால் கீழே ஒருவருக்கும் காயம் படாது, ஆனால் மின்சாரம் போய்விடும் என்றார்கள். அன்று முதல் எங்கள் ஆட்களுக்கு அது 'குண்டுப் பெட்டி'. தினமும் காலையில் யாராவது ஒருவர் அதைத் தட்டி, "இன்னிக்கு சண்டை உண்டா வே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

குண்டு வேண்டியதில்லை. சூரியன் போதும். பூமியின் காந்தப்புலம் குலுங்கும்போது தரைக்குள் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அது மின்மாற்றியின் நியூட்ரல் வழியாக, அதாவது நாம் பாதுகாப்புக்காக மண்ணில் இறக்கியிருக்கும் கம்பி வழியாகவே, மேலே ஏறுகிறது. திசை மாறாமல், நிதானமாக. மாறுதிசை மின்சாரத்துக்கென்று செய்த இரும்பு உள்கருவுக்கு அது ஒத்துக்கொள்ளாது. உறுமும், சுடும், உள்ளே எண்ணெய் வேகும். அந்த ஏற்றத்தை நியூட்ரலிலேயே மறிப்பதுதான் பெட்டியின் வேலை.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். எத்தனை முறை மறித்தது என்று காட்டும் எண்ணி பூஜ்யத்தில் நின்றது.

மார்ச் 5, வியாழன்

இன்று சத்தம் வழக்கம்போல. கறிவேப்பிலைப் பொடி தீர்ந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

நியூட்ரலில் இருந்து பெட்டிக்குள் இறங்க வேண்டிய பாதைக்குப் பக்கத்திலேயே, பெட்டியைத் தொடாமல் நேராக மண்ணுக்குப் போகிறது ஓர் இரும்புப் பட்டை. நேர்த்தியான வேலை. நான்கு போல்ட், அலுமினிய வண்ணம், மூட்டில் கிரீஸ். கதவைப் பூட்டிவிட்டுச் சுவரை இடித்துவைத்த மாதிரி.

ஃபோர்மேன் ஆவுடையப்பனைக் கூப்பிட்டேன். இந்த யார்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு நட்டு திரும்பாது.

"இது யார் போட்டது?"

"நாந்தான் மேடம்." பெருமையாகவே சொன்னார். "அவங்க பெட்டிய வச்சிட்டுப் போன மறு மாசமே மெயின்டனன்ஸ்ல போட்டுட்டேன். நியூட்ரலுக்கு நேரடி எர்த் இல்லாம எப்படி மேடம் விடுதது? நடுவுல ஒரு பெட்டிய நம்பி? வச்சவன் மெட்ராஸ்ல இருக்கான். கீழ நிக்கது நம்ம பிள்ளைகள்லா."

வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து நாங்கள் எல்லோருக்கும் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொடுப்பது அதைத்தானே. எர்த் போடு. சந்தேகம் வந்தால் இன்னொரு எர்த் போடு. நியூட்ரல் மண்ணை விட்டு மிதந்தால் ஆள் செத்தான். இருபது வருடத்துக்கு முன்னால் வேறொரு நிலையத்தில் அவருடைய மச்சினன் அப்படித்தான் போனார்.

நான் விளக்க விளக்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், "அப்போ நான் பாதுகாப்புன்னு நெனச்சுப் போட்டதுதான் அதக் கெடுத்திருக்கா?" என்றார்.

"உங்க தப்பு இல்ல. பெட்டி என்னன்னு யாரும் உங்களுக்குச் சொல்லல."

"சொன்னாவ மேடம். குண்டு படம் காமிச்சாவ."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 7, சனி

செயற்பொறியாளர் திரவியம் சாரைப் பார்த்தேன். மே மாதம் ஓய்வு பெறுகிறார். மேஜைக்கண்ணாடிக்குக் கீழே இருந்த படங்களை இப்போதே எடுத்துவிட்டார், வெறும் பச்சைத் துணி தெரிகிறது.

மின்மாற்றியை ஒரு காலைப் பொழுது நிறுத்தினால் போதும், பட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைச் சோதித்து மறுபடி ஏற்றிவிடலாம் என்றேன்.

"எம்மா, மார்ச் மாசத்துல ஷட் டவுனா? இரண்டாவத நிறுத்தினா ஒண்ணாவது தாங்காது. பாதி மாவட்டத்த அணைக்கணும். பரீட்ச ஹால்ல ஃபேன் நின்னா பேப்பர்க்காரன் என் போட்டோவத்தான் போடுவான்."

"சார், சூரியனோட வீச்சு மார்ச்லதான் அதிகமா வரும். மார்ச், செப்டம்பர்."

"நாம எங்க இருக்கோம்? பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல. இதெல்லாம் கனடாக்காரன் பாடும்மா. பனி இருக்க ஊர்ல வாரது."

பூமியின் நடுக்கோடு வேறு, காந்த நடுக்கோடு வேறு என்றேன். அந்த இரண்டாவது கோடு நம் தலைக்கு மேலேயே போகிறது. பகல் முழுவதும் அதன் மேல் வானத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது, உச்சி வெயிலில்தான் அதற்கு வேகம். அதனால்தான் வீச்சு பகலில் வந்தால் நமக்குப் பெரிதாக அடிக்கும். காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். படத்தை நன்றாகத்தான் பார்த்தார்.

"அழகா வரையுத. ஏப்ரல்ல ஷட் டவுன் தாரேன், எடுத்துக்கோ," என்றார்.

வரும் வழியில் மருந்துக் கடை. அப்படியே சிலிண்டர்காரரிடம் பெரியது ஒன்று சொல்லிவைத்தேன். கோடையில் எப்படியும் தேவைப்படும்.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது மின்மாற்றியின் எண்ணெய்ப் பரிசோதனை முடிவு வந்தது. அசெட்டிலீன் வாயு தென்படுகிறது. கொஞ்சம்தான். ஆனால் அது இருக்கவே கூடாது. உள்ளே எங்கோ கடுமையாகச் சுட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சின்ன வீச்சுக்கே இது.

இந்த மின்மாற்றி போனால் கடையில் வாங்கி மாட்ட முடியாது. செய்யச் சொல்லி, வந்து சேர, ஒரு வருடத்துக்கு மேல். அதுவரை இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் முறைவைத்துத்தான் எரியும். ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டர் உண்டு. வீடுகளில் கிடையாது.

முடிவை மேலே அனுப்பினேன். 'கண்காணிக்கவும்' என்று பதில் வந்தது.

மார்ச் 11, புதன்

சிலிண்டர் வந்தது. அதை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம். பூஜையறை ஓரம் வைத்தோம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆவுடையப்பன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால்தான் வருவார்.

"மேடம், லைன் கிளியர் தரமாட்டேன்னுட்டாவளோ?"

"ஏப்ரல்லதான் கரண்ட நிறுத்தித் தருவாவளாம்."

"நான் கட்டினது. நானே கழத்திருதேன். ஓடிக்கிட்டு இருக்கும்போதே. நாலு போல்ட்டுதான, டீ குடிக்க நேரத்துல முடிஞ்சிரும். பக்கத்துலதான் பெட்டி இருக்கே, நியூட்ரல் அது வழியா மண்ணப் பிடிச்சுக்கிடும்லா."

"பெட்டிய ஒரு வருஷமா யாரும் சோதிக்கல. அது பிடிக்கலேன்னா?"

அவருக்குத் தெரியும். கடைசிப் போல்ட் விலகும் நொடியில் பெட்டி மண்ணைப் பிடிக்காவிட்டால், மிதக்கிற நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் நடுவே இருப்பது அவர் கைதான்.

"ஆவுடையப்பன், லைன் கிளியர் இல்லாம யாரும் அதத் தொடக்கூடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்லுதேன்."

"சரி மேடம்."

"சத்தியமா?"

"என்ன மேடம், பள்ளிக்கூடப் பிள்ளைட்ட கேக்க மாதிரி." போய்விட்டார்.

சத்தியம் செய்யவில்லை என்பதைச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

நாகர்கோவிலில் இருக்கும் நாத்தனாரிடம் பேசினேன். அங்கே வீட்டில் சோலார், பேட்டரி எல்லாம் உண்டு. ஒரு வாரம் அண்ணனை வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சரி என்றாள். இவர்தான் இல்லை.

"எதுக்குத் திடீர்னு?"

"இங்க வெக்கையா இருக்கு. ஒரு மாற்றமா இருக்கும்லா."

"அங்க மட்டும் பனி பெய்யுதா?" டி.வி.யின் ஒலியைக் குறைத்தார். "வீட்டுல ரெண்டு சிலிண்டர் வாங்கிப் போட்டுட்ட. இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துத. என்னையும் ஊர விட்டு அனுப்பப் பாக்க. ஏளா, எவனும் போர் தொடுக்கப் போறானா, இல்ல எனக்குப் பதிலா வேற மாப்பிள்ள பாத்துட்டியா?"

"இந்த வயசுல எவன் வருவான்?"

"கவர்மென்ட் உத்தியோகம்னா வருவான்."

சிரித்தோம். அவருக்கு இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். நின்ற பிறகு, "நான் எங்கயும் போகல. நீ செய்யதச் செய்," என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் எதுவும் செய்யப்போவதாகச் சொல்லவே இல்லையே.

மதியம் இயந்திரத்தை நிறுத்தி, பெரிய சிலிண்டரில் அவரை விட்டுப் பார்த்தேன். சும்மா, ரெகுலேட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். இரண்டும் சேர்ந்தால் ஒரு பகல் முழுக்கத் தாங்கும்.

மார்ச் 16, திங்கள்

வேலை அதிகம். பெனிட்டா ஒரு படம் மட்டும் அனுப்பியிருக்கிறாள். சூரியனின் ஓரத்தில் இருந்த கரும்புள்ளிக் கூட்டம் இப்போது நமக்கு நேரே திரும்பிவிட்டது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இட்லியை அடுப்பில் வைத்தபோது பெனிட்டாவின் போன். குரலை அடக்கிப் பேசினாள், பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

"வெடிச்சிருச்சு உலகு. நேரா நம்மள நோக்கி. நான் சர்வீஸ்ல சேந்ததுக்கப்புறம் இவ்வளவு பெருசு பாக்கல."

"எப்ப வரும்?"

"வேகத்தப் பாத்தா நாளைக்கு மத்தியானத்த ஒட்டி. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். சாயங்காலம் வந்தா நீங்க தப்பிச்சீங்க. உச்சி வெயில்ல வந்தா... பகலா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

நான் சாமியை வேண்டுகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகம் போனதும் திரவியம் சாருக்குப் பேசினேன். ஆய்வு நிலையத்தின் எச்சரிக்கையை அனுப்பினேன். சென்னையில் பகிர்மானக் கட்டுப்பாட்டு அறைக்கும் பேசினேன். அங்கே இளைஞர் ஒருவர், மரியாதையாக. "மேடம், நாளைக்கு பிசிக்ஸ் பரீட்சை. காரணம் என்னன்னு போடுறது? சூரியன்னா?" பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. நாலாம் தேதி வந்த வீச்சைப் பற்றி நான் மேலே எழுதி அனுப்பியதையும் அவர் நினைவுபடுத்தினார். அன்று ஒன்றும் ஆகவில்லையே என்றார். அசெட்டிலீனைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

திரவியம் சார் பிற்பகலில் அவராகவே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை.

"எம்மா, நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும். வந்து எரிஞ்சா அது இயற்கைச் சீற்றம். யாரையும் கேக்கமாட்டான். நீ அணைச்சு, ஒண்ணும் வரலேன்னா அது உன் தப்பு. எனக்கு இது தெரியும், உனக்குந்தான் தெரியும். புருஷன் அப்படி இருக்கையில வேலையப் பாத்துக்கோ."

அன்பாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு யார்டைச் சுற்றி வந்தேன். சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆவுடையப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரப்பர் கையுறைகளில் காற்றை அடைத்து, விரல் விரலாகக் காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது ஊசித்துளை இருந்தால் காற்று சீறும். பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து, அந்தப் போல்ட்டுக்கு ஆகிற அளவு ஸ்பேனர் இரண்டு.

"நாளைக்கு உங்களுக்குப் பகல் ஷிஃப்ட் இல்லையே," என்றேன்.

திரும்பினார். "மாத்திக்கிட்டேன் மேடம். காலைல சீக்கிரமே வந்திருவேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். நாளைக்குப் பெருசா ஒண்ணு வருதாமே, கண்ட்ரோல் ரூம்ல பேசிக்கிட்டாவ." கையுறையை மெல்ல அமுக்கிக் காற்றை விட்டார். "எம் மக கல்யாணம் முடிஞ்சிட்டு மேடம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

"நான் சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கல."

"அப்போ?"

"நீங்க சொன்னது நியாயம் மேடம். ஆனா பட்டையப் போட்டது நான்லா."

கையுறைகளை வாங்கி என் அறையில் பூட்டிவைத்துவிட்டேன். கொடுத்தார், மறுக்காமல். அவை இல்லாமலும் அவர் செய்வார் என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. அவரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் சுவரேறிக் குதிப்பார். காவலரிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் ஆவுடையப்பனைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சட்னி அரைத்தேன். அவர் இரண்டு தோசை சாப்பிட்டார், வழக்கத்தைவிட ஒன்று கூட. நாளைக்கு எட்டு மணிக்கே பக்கத்து வீட்டு மல்லிகா வந்து கூட இருப்பாள் என்றேன். ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். "அவ கொழுக்கட்டை நல்லா செய்வா," என்றார். சிலிண்டரை எப்படித் திறப்பது என்று மல்லிகாவுக்குச் சாயங்காலமே காட்டிவிட்டேன்.

இப்போது அவர் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இயந்திரம் சீராக மூச்சுவிடுகிறது. நான் சமையலறை மேடையில் வைத்து இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதத்தில், பரீட்சை நாளில், ஒரு கேள்வியும் கேட்காமல் லைன் கிளியர் தருகிற காரணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஹாட் ஸ்பாட். மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பழுத்துச் சிவந்தால் எந்த நொடியும் அறுந்து விழும். அதை யாரும் தள்ளிப்போடமாட்டார்கள். வெப்பக் கேமராவில் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். கேமரா என் அலமாரியில் இருக்கிறது. இதுவரை நான் பார்க்காத சூட்டைப் பார்த்ததாகச் சொன்னதில்லை, பார்த்ததை மறைத்ததும் இல்லை. அதனால்தான் நம்புவார்கள்.

பாதி மாவட்டம் அணையும். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்துப்போவார்கள், சிலருக்கு அது மதிப்பெண்ணில் தெரியும். அவர் சிலிண்டரில் இருப்பார். ஆவுடையப்பன் முறையாக, இருபக்கமும் எர்த் போட்ட, மின்சாரம் செத்த மின்மாற்றியின் மேல் ஏறி, தன் பட்டையைத் தானே கழற்றுவார். பெட்டியைச் சோதித்த பிறகுதான் மறுபடி ஏற்றுவோம். சோதனையில் தேறாவிட்டால் ஏற்றவே மாட்டேன், பொழுது சாயும்வரை. அதன்பிறகு வீச்சு வரலாம், வராமலும் போகலாம். மாலையில் வந்தால் ஒருவருக்கும் தெரியாது. யாராவது கேமராவின் பதிவைக் கேட்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது.

நாளை காலை முதல் ஷிஃப்ட் உள்ளே வருவதற்கு முன்பே, ஆவுடையப்பன் வருவதற்கும் முன்பே போய், இரண்டாவது மின்மாற்றியின் கிளாம்ப் சிவந்து எரிகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லப்போகிறேன்.

இன்று மாலை யார்டை விட்டு வரும்போது அந்தக் கிளாம்பை அண்ணாந்து பார்த்தேன். அது குளிர்ந்துதான் இருந்தது.